இரட்டைப் புகைபோக்கி பங்களா

மே 8, வியாழன்

மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் டைரி கொடுக்கிறார்கள். ஜனவரியில் நாலு நாள் எழுதுவேன். அப்புறம் கடையில் தாளைக் கிழித்து மாத்திரை மடித்துக் கொடுக்கப் போய்விடும். இந்த வருடம் மே மாதம் தப்பிப் பிழைத்திருக்கிறது. மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுற்றினால் யார்மேலாவது எரிந்து விழுவேன், அதனால் எழுதுகிறேன்.

நாளை மலைக்குப் போகிறோம். வெண்கானல். கடைக்கு வருகிறவர்களிடம் பெயரைச் சொன்னால் கொடைக்கானலா என்று திருப்பிக் கேட்கிறார்கள். யாருக்கும் தெரியாத ஊர்தான் எனக்கும் வேண்டும்.

என் மகள் தாரணி, தன்னோடு சென்னையில் வேலை பார்க்கிற நவநீதன் என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். விருதுநகர்க் குடும்பம். அம்மா தலைமை ஆசிரியை, அப்பா மின்சாரத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முறைப்படி அவர்கள்தான் தென்காசிக்கு வந்து பெண் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வேண்டாம் என்று நான்தான் மறித்தேன். ஏற்கெனவே இரண்டு இடத்துக்காரர்கள் வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, பெண் தலையில் பூவும் வைத்துவிட்டுப் போனார்கள். ஊருக்குள் விசாரித்தார்கள். பிறகு ஜாதகம் சரியில்லை என்று போன் வந்தது. ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். சரியில்லாதது நான். புருஷன் உயிரோடு திருப்பூரில் இருக்க, பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து தனியாகக் கடை வைத்துப் பிழைக்கிறவள் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று நினைத்தார்கள். கை நீட்டுகிற மனுஷனோடு எவ்வளவு நாள் இருப்பது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு தடவையும் தெரு முழுக்க ஜன்னலில் நின்று பார்த்தது. தாரணி ஒன்றும் நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டே திரிந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் இந்த முறை இரண்டு வீட்டாரும் பொதுவான ஓர் இடத்தில் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. கூடி வராவிட்டால் ஊருக்குத் தெரியாது. பையனுக்கு என் கதை தெரியும். அவனைப் பெற்றவர்களுக்குத் தெரியாது. தாரணி அதை என் தலையில் கட்டிவிட்டாள். "நீயே பக்குவமா சொல்லிருமா, அதான் நல்லாருக்கும்" என்கிறாள். பக்குவம் என் சாம்பாரில் உண்டு, பேச்சில் கிடையாது. அது இவளுக்குத் தெரியாதா என்ன.

மே 9, வெள்ளி. வெண்கானல்

அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு ஜீப்பில் ஏறினோம். ரோடு என்று சொல்வது மரியாதைக்குத்தான். தாரணி வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வாக்கியம் மறந்துபோயிற்று.

வெண்கானல் வெள்ளைக்காரர்கள் கோடைக்கு ஏறிவந்து தங்கிய இடம். கீழே பஞ்சு மில் வைத்திருந்த ஆட்லி துரை முதலில் வீடு கட்டினாராம். அவரைப் பார்த்து அவர் சிநேகிதர்களும் கட்டினார்கள். பெண்டுபிள்ளைகளை டோலியில் தூக்கிவந்திருக்கிறார்கள். கொடைக்கானலுக்கு நல்ல ரோடு வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இப்போது மிஞ்சியிருப்பது சில பங்களாக்கள், ஒரு கல் சர்ச், துரைமார்கள் நடனம் ஆடிய கூடம். அந்தக் கூடத்தில் இன்று ரேஷன் கடை நடக்கிறது. டென்னிஸ் ஆடிய இடத்தில் பீன்ஸ் போட்டிருக்கிறார்கள். தென்காசியில் வியர்வை துடைத்துத் துண்டு நாறிக்கிடக்கிற மே மாதத்தில் இங்கே மூக்குநுனி சில்லிடுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. நல்லபடி முடிந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

நாங்கள் தங்கியிருப்பது ஆட்லி துரை பங்களாவேதான். நவநீதனின் அப்பா பழைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் மூலம் பிடித்திருக்கிறார். நடுவில் பெரிய கூடம், இரண்டு கோடியிலும் ஒவ்வொரு படுக்கையறை, பின்பக்கம் இரண்டு சின்ன அறைகள். கூரையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு புகைபோக்கி. சமைத்துப் போடுகிறவள் பெயர் செல்லத்தாய். பக்கத்திலேயே வீடு.

அவர்கள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள். சுலோச்சனா டீச்சரைப் பார்த்ததும் என் கை தானாக முந்தானையைச் சரிசெய்தது. ஒல்லியான உருவம், இஸ்திரி கலையாத கைத்தறிச் சேலை. அதிகம் பேசாமல் எதிராளி பேசி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிற பார்வை. வகிட்டில் குங்குமம், கழுத்தில் பளபளவென்று புதுச் சங்கிலியில் கோத்த தாலி. நானும் ஊர் வாய்க்குப் பயந்து தாலியைக் கழற்றாமல் போட்டிருக்கிறேன், ஆனால் என்னுடையது பாசி பிடித்த மாதிரி கிடக்கிறது. நாளைக்குப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும்.

நவநீதனின் அப்பா அருணகிரி அய்யா அதற்கு நேர் எதிர். வளவளவென்று பேச்சு, பெரிய மீசை. பெண்டாட்டியை "நீங்க உட்காருங்க, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று பன்மையில்தான் பேசுகிறார். தாரணியின் அப்பா என்னை "ஏட்டி" என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை. சாயங்காலம் அருணகிரி அய்யாவே காபி கலந்தார். டீச்சருக்கு நன்றாகச் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்து, கண்ணை ஒரு நிமிஷம் மூடி, ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்தார். பிடிக்காவிட்டாலும் முகம் கோணாமல் குடிக்கிற மாதிரி இருந்தது. இப்படி அனுசரித்துப் போகிறவர்களிடம் போய் நான் என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

சாப்பாட்டின்போது டீச்சர் நேராகவே கேட்டார், தாரணியின் அப்பா வரவில்லையா என்று. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய் அவ்வளவு சுளுவாக வந்தது. தாரணி ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படுக்கப் போகும்போது அருணகிரி அய்யா கூடத்திலேயே கணப்புச் சட்டிப் பக்கம் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நெருப்பைப் பார்த்துக்கொண்டே தூங்குவது அவருக்குப் பிடிக்குமாம். ரசனையான மனுஷன்.

மே 10, சனி

புளி போட்டுத் தாலியைத் தேய்த்தேன். கொஞ்சம் மஞ்சள் தெரிகிறது.

காலையில் பிள்ளைகளை முன்னே விட்டு நாங்கள் மூன்று பேரும் சர்ச் வரைக்கும் நடந்தோம். இந்த ஊரில் போன் எடுப்பது சர்ச் மதிலோரத்தில் மட்டும்தான். ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கே வந்து மதிலில் சாய்ந்துகொண்டு பேசிவிட்டுப் போகிறார்கள், கல்லறைகளில் துரைமார்கள் அமைதியாகப் படுத்திருக்கிறார்கள். நான் கடைக்கு ஒரு போன் போட்டேன். உதவிக்கு இருக்கிற பெண், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றாள். நான் இல்லாமலும் ஒழுங்காக நடக்கிறதே என்று கொஞ்சம் கோபம் வந்தது.

திரும்பும்போது அருணகிரி அய்யா யாரோ ஒரு பெரியவரிடம் பேச்சுப்பிடித்து நின்றுவிட்டார். நானும் டீச்சரும் மட்டும் நடந்தோம். இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன். "டீச்சர், தாரணி அப்பாவைப் பத்தி ஒண்ணு" என்றும் ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் அவர் காலில் அட்டை. நான் உப்பு எடுத்துத் தடவி அதை உதிர்க்க, என் காலிலும் இரண்டு. அட்டையை உதிர்த்து முடித்தபோது என் தைரியமும் உதிர்ந்துவிட்டது. டீச்சரும் கேட்கவில்லை. கேட்காமல் சட்டென்று முன்னால் நடந்தார். அப்பாவைப் பற்றிய பேச்சே அவருக்கு வேண்டாம்போல் இருந்தது எனக்கு. ஏதாவது காதில் விழுந்திருக்குமோ.

மத்தியானம் பேச்சுவாக்கில் நவநீதன் படித்த கதை வந்தது. அவன் பத்தாவது பரீட்சை எழுதியபோது மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டானாம். டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்படியா" என்று அருணகிரி அய்யா நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சமயம் தான் மேட்டூரில் வேலையில் இருந்ததாக உடனே சேர்த்துக்கொண்டார். ஆண்களுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும்.

டீ நேரத்தில் செல்லத்தாய் வந்து நின்று பங்களாவின் கதையைச் சொன்னாள். எதற்கு இரண்டு புகைபோக்கி என்று நவநீதன்தான் கேட்டான். "துரைக்கும் துரைசானிக்கும் ஆகாதாம்ல. இந்தக் கோடில அவரு, அந்தக் கோடில அந்தம்மா. ஆளுக்கு ஒரு அடுப்பு. விருந்தாளுக வந்தா மட்டும் நடுக் கூடத்துல சேந்து உக்காருவாகளாம்" என்றாள். எங்க பாட்டன் சொன்னது என்று வேறு சத்தியம் செய்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அருணகிரி அய்யா பிஸ்கட்டை டீயில் முக்கி மறந்துபோயிருந்தார், அது கரைந்து உள்ளே விழுந்துவிட்டது. டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பீன்ஸ் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நவநீதனுக்கு மட்டும் ஏனோ புரையேறியது.

இவ்வளவு ஒற்றுமையான குடும்பத்துக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். நாளை சொல்லிவிடுகிறேன்.

மே 11, ஞாயிறு

நாள் முழுக்க மழை. சொல்லவில்லை.

அருணகிரி அய்யா இன்றும் கூடத்தில்தான் படுத்திருக்கிறார். கழுத்துப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து ஒரு பக்கமாகவே திரும்புகிறார். கேட்டால் நெருப்பு, ரசனை என்கிறார். நெருப்பு நேற்றே அணைந்துவிட்டது, விறகு நனைந்துபோய்.

மே 12, திங்கள்

இன்று நிறைய நடந்துவிட்டது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பிள்ளைகள் இருவரும் ஜீப்பில் கீழே போனார்கள், காய்கறியும் பாலும் வாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்கள். வரவில்லை. வழியில் மரம் சாய்ந்து கிடக்கிறது என்று செல்லத்தாய் எங்கேயோ கேட்டுவந்து சொன்னாள். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போன் பேச சர்ச்சுக்குத்தானே போக வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றேன். வந்து சாப்பிடலாம் என்றார் அருணகிரி அய்யா. மூன்று பேரும் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஏறினோம்.

போன் கிடைத்தது. தாரணி நன்றாக இருக்கிறாள், மரத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கிறாள். அறுத்து எடுத்ததும் வந்துவிடுவார்களாம். அப்பாடா என்று திரும்பினால் அருணகிரி அய்யா மதிலடியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரில் சட்டை நனைய வியர்த்திருந்தது. கை நடுங்கியது. என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார், ஆனால் வார்த்தை குழறியது, காரணமே இல்லாமல் ஒரு சிரிப்பு. இந்த வியர்வையை நான் கடை வாசலில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

சுகர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டதற்குத் தலையாட்டினார். டீச்சர் பக்கம் திரும்பி, என்ன மாத்திரை, எத்தனை போட்டார், காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டேன். அவர் குடையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தெரியவில்லை என்றார். எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று கேட்டேன். அவருக்குச் சர்க்கரை இருப்பதே தனக்குத் தெரியாது என்றார்.

நல்லவேளை, நான் எங்கே போனாலும் பையில் குளுக்கோஸ் பொடி இருக்கும். கடைக்காரி புத்தி. தண்ணீர்ப் பாட்டிலில் கொட்டிக் குலுக்கி, அவர் தலையைத் தாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். மீசையெல்லாம் ஒழுகியது. கீழே ரோட்டில் மரம், பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது, இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்கிற பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எல்லாமே கோபமாகத்தான் வரும். என் கடைக்கு வருகிற பெண்கள் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள்கூட, எங்க வீட்டுக்காரருக்கு அந்த ரோஸ் கலர் மாத்திரை, காலையில் ஒன்று ராத்திரி பாதி என்று சொல்லி வாங்கிப்போகிறார்கள். இந்த அம்மாள் பள்ளிக்கூடத்தையே கட்டி ஆள்கிறவர். வாயை அடக்க முடியவில்லை.

"கட்டின புருஷன் என்ன மாத்திரை போடுதாவன்னுகூடத் தெரியாம என்ன குடும்பம் நடத்துதிய?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. போயிற்று. இவ்வளவு நாள் பவ்வியமாக இருந்து, தாலியெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கடைசியில் ஒரே வாக்கியத்தில் தாரணியின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே திரிவதை மறுபடியும் பார்க்க வேண்டும். அந்த நிமிஷம் எனக்கு என்மேல் வந்த வெறுப்பைப்போல் தாரணியின் அப்பாமேல்கூட வந்ததில்லை.

டீச்சர் குடையை மடக்கினார். ஈரத் தரையென்றும் பார்க்காமல் அருணகிரி அய்யா பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

"நடத்தலைங்க. ஆறு வருஷமாச்சு. இவர் மதுரையில, நான் விருதுநகர்ல. பையன் கல்யாணத்துக்காகச் சேர்ந்து வந்தோம்."

அருணகிரி அய்யாவுக்கு அதற்குள் முகம் தெளிந்துகொண்டு வந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம், காபியில் சர்க்கரை போட்டது தப்பா என்று கேட்டார். தான் சர்க்கரையை விட்டு நாலு வருஷம் ஆயிற்று என்றார் டீச்சர். "சொல்லியிருக்கலாமே" என்றார் இவர். "சம்பந்தியம்மா எதிர்ல எப்படிச் சொல்றது" என்றார் அவர்.

சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ. கல்லறைத் தோட்டத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய்ப் பார்த்தார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டு, நானும் அதே கதைதான் என்றேன். லீவு கிடைக்காதவர் திருப்பூரில் இருக்கிறார், அவரைப் பார்த்துப் பதினெட்டு வருஷமாகிறது, அடிக்கிற ஆள், அதனால் வந்துவிட்டேன், இந்தத் தாலி தெருவுக்காகப் போட்டிருப்பது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். பக்குவமாவது ஒன்றாவது.

டீச்சர் தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். போன வாரம்தான் வாங்கியதாம். பழையதைப் பீரோவில் வைத்த இடம் மறந்துவிட்டதாம்.

அப்புறம் மூன்று பேரும் மதிலடியிலேயே உட்கார்ந்திருந்தோம். அவர்களுக்குள் அடிதடி, சண்டை ஒன்றும் கிடையாது. ஒரே வீட்டில் இருந்தபோது பேச்சே இல்லாமல் போய்விட்டது என்றார் டீச்சர். தனித்தனியாகப் போன பிறகு மாதம் ஒருமுறை போனில் நல்லபடியாகப் பேசிக்கொள்கிறார்களாம். நவநீதனுக்குப் பார்த்த ஓர் இடம் இதனாலேயே தட்டிப்போயிருக்கிறது. அப்பா அம்மாவே சேர்ந்து இல்லாத வீட்டில் பெண்ணை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்களாம். அதனால்தான் இந்தத் தடவை ஜோடியாக வந்தது. "உங்களைப் பார்த்தாலே பயமா இருந்துச்சு. மதிப்பெண் போடுற மாதிரியே பார்த்தீங்க" என்று டீச்சர் என்னைப் போய்ச் சொல்கிறார். என்னைப் பார்த்துப் பயமாம். நல்ல கூத்து.

இறங்கி வரும்போது பசி காதை அடைத்தது. செல்லத்தாய் சூடு பண்ணிப் போட்ட சோற்றை மூன்று பேரும் கணக்கில்லாமல் சாப்பிட்டோம். அருணகிரி அய்யாவின் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, சாப்பிடாமல் இதைத் தொடக்கூடாது என்று நன்றாகத் திட்டினேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார்.

மே 13, செவ்வாய்

நேற்று சாயங்காலம் பிள்ளைகள் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அவர்கள் ஆச்சரியப்படவில்லை. நவநீதனுக்கு என் கதை தெரியும் என்றால் தாரணிக்கு அவன் வீட்டுக் கதை தெரியாமலா இருக்கும். எனக்கு அது உறைக்கவே இல்லை. மூன்று நாளாக என்னை ஏன் இப்படிப் பாடுபடுத்தினாய் என்று தாரணியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ மொதல்ல சொல்லிட்டா அத்தையும் சொல்லிருவாங்கன்னு நெனச்சோம்மா. அவங்க மொதல்ல சொல்லிட்டா நீ சொல்லிருவன்னும் நெனச்சோம். ரெண்டு பேருமே வாயத் தொறக்கல" என்றாள். அத்தை என்று அதற்குள் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். டீச்சருக்கு அது பிடித்திருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் எனக்குத் தெரிந்தது.

காலையில் எல்லாவற்றையும் உடைத்துப் பேசினோம். ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் யார் பெயர் போடுவது, மணவறையில் யார் உட்காருவது என்று நான் இழுத்தேன். இத்தனை வருஷம் வளர்த்தவர் தாரை வார்த்துக் கொடுத்தால் போதும் என்றார் டீச்சர், மேலே பேச ஒன்றுமில்லை என்பதுபோல. அருணகிரி அய்யா பையனுக்கு அப்பாவாக வந்து நிற்பார். ஆனால் ஜோடியாக நிறுத்தி போட்டோ எடுக்க வந்தால் தான் அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விடுவேன் என்றார். சுகர்க்காரருக்கு ஐஸ்கிரீம் கிடையாது என்றேன்.

கிளம்புவதற்கு முன் பங்களாவைச் சுற்றி ஒரு தடவை நடந்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கண்ணில் படாத பேரிக்காய் மரம் ஒன்று கொல்லையில் நின்றது, தரையெல்லாம் பிஞ்சு. இவ்வளவு அழகான இடத்துக்கு வந்து ஒன்றையும் பார்க்காமல் என் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னொரு தடவை வரவேண்டும், சும்மா.

அடிவாரத்தில் அருணகிரி அய்யா மதுரை பஸ்ஸிலும் டீச்சர் விருதுநகர் பஸ்ஸிலும் ஏறினார்கள். ஏறுவதற்கு முன் அவர் டீச்சரிடம், "பத்திரமா போங்க" என்றார். டீச்சர் ஒரு தாளில் அவர் மாத்திரைகளின் பெயரை எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். தெரிந்திருக்கட்டும் என்றார். எனக்கு ஒரு நிமிஷம் கண் கலங்கியது. சேர்ந்திருக்க முடியாதவர்கள்தான், ஆனாலும் நல்ல மனுஷர்கள்.

மே 14, புதன்

கடை. சரக்கெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. கோபமே வரவில்லை.

மே 21, புதன்

டீச்சர் போன் செய்தார். மலையில் பார்த்தது மலையோடு போகட்டும், ஊரறிய பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "தாரணி என்ன திருட்டுப் பொருளா, ஒளிச்சு வச்சுப் பார்க்க?" என்றார். சரி, வாங்க என்றேன். போனை வைத்ததும் ஒட்டடைக் கம்பை எடுத்துவிட்டேன்.

மே 25, ஞாயிறு

வந்தார். நவநீதனும் டீச்சரும் அவருடைய தங்கையும் மட்டும். தட்டில் பூ, பழம், ஒரு பச்சைப் பட்டு. காரிலிருந்து இறங்கியதுமே ஜன்னல்கள் திறந்துகொண்டன. எதிர்வீட்டு இசக்கியம்மாள் ஜன்னலோடு நிற்கிற ஆள் இல்லை, கூப்பிடாமலே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளோடு இன்னும் நாலு பேர்.

நான் அடுப்பங்கரையில் பஜ்ஜி எடுத்துக்கொண்டிருந்தேன். இசக்கியம்மாளின் குரல் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா வரவில்லையா என்று கேட்டுவிட்டாள். கரண்டியைப் பிடித்தபடியே காதைத் தீட்டிக்கொண்டேன்.

டீச்சர் குரலைத் தாழ்த்தவில்லை. அவருடைய பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"அவரும் நானும் தனித்தனியா இருக்கோம். கல்யாணத்துக்கு வருவார். தாரணியோட அப்பாவும் இவங்களும் சேர்ந்து இல்லைங்கிறது எனக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் இந்த வீட்டுல சம்பந்தம் பண்றேன். வேற ஏதாவது கேட்கணுமா?"

பிறகு தங்கை தட்டை எடுத்து நீட்ட, டீச்சர் தாரணியின் தலையில் பூ வைத்தார். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தேன். தாரணியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் இது வேறு சிரிப்பு. பெற்றவளுக்குத் தெரியாதா. பதினெட்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த சுமையை யாரோ பாதி வழியில் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

தெருக்காரர்கள் போன பிறகு பிள்ளைகளும் டீச்சரின் தங்கையும் மாடிக்குப் போய்விட்டார்கள். நானும் டீச்சரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "மதினி, இந்தச் சட்னியில என்ன போட்டீங்க" என்று கேட்டார். மதினி என்று அவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. சொல்ல வாயெடுத்தேன். கொல்லைக் கதவு அசைந்தது.

இசக்கியம்மாள். இன்னும் என்ன கேட்க வந்திருக்கிறாள் என்று எழுந்தேன். அவள் உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. டீச்சரைத்தான் பார்த்தாள்.

"எம் மவ, லீவுக்கு வந்திருக்கான்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருக்கேன். லீவு இல்ல. புருஷன விட்டுட்டு வந்து ரெண்டு மாசமா இங்கதான் இருக்கா. யார்ட்ட சொல்லன்னு தெரியல" என்றாள்.

உள்ளே வாங்கக்கா என்றேன். மதினி பலகையை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.